மஞ்சள் கம்பி

சூரிச்சிலிருந்து வந்த கடிதத்தைப்
பிரிக்கும் முன்பே அம்மா படம் எடுத்துவிட்டாள்.
உறையை மட்டும்தான். ஆனாலும்
டொரொண்டோவில் பெரியம்மா அழுதிருக்கிறாள்,
ஒஸ்லோவில் சித்தப்பா
“எங்கட வீட்டின்ர முதல் எஞ்சினியர்” என்று
கேக் படம் போட்டிருக்கிறார்.

மற்றது தபாலில் வரவில்லை.
ஃப்ளூக்கிகர் தன் வேனின் பொனட்டில் வைத்து
நிரப்பித் தந்த படிவம்:
மின் இணைப்பு, தொழிற்பயிற்சி,
ஓகஸ்ட் முதல், காலை ஆறே முக்கால்.
சம்பள வரியில் கோப்பிக் கறை.
அதை யாருக்கும் அனுப்பவில்லை.

ஷூனன்வெர்டில் பழைய சப்பாத்துத் தொழிற்சாலையை
வீடுகளாக்குகிறார்கள்.
விடுமுறை வேலை எனக்கு. குழாய்க்குள் கம்பி இழுப்பது.
மறுமுனையில் பெசார். “இழு” என்பான் அவன் மொழியில்,
“விடு” என்பேன் என் மொழியில்.
கம்பி இரண்டையும் விளங்கிக்கொண்டு வரும்.

மூன்றாம் மாடியில் ஒரு சுவரை உடைத்தோம்.
துணி சுற்றிய கம்பிகள். இன்னும் தோல் மணம்.
மஞ்சள்தானே, நிலத்துக்குப் போவது என்று
கை நீட்டினேன்.
பெசார் முழங்கையில் தட்டினான்.
அந்தக் காலத்தில் மஞ்சள் நடுநிலைக் கம்பியாம்,
மஞ்சளோடு சிவப்பும் சேர்ந்தால்தான் நிலமாம்.
“நிறத்தை நம்பாதே. அள.”

அளக்கவும் ஒரு முறை இருக்கிறது.
முதலில் உயிருள்ள கம்பியில் கருவியைச் சோதி.
பிறகு, செத்தது என்று நீ நினைக்கும் கம்பியை.
பிறகு திரும்பவும் உயிருள்ளதில்;
இடையில் கருவியே செத்துப்போயிருக்கலாம் அல்லவா.
பௌதிகத்தில் ஆறுக்கு ஐந்தே முக்கால் எடுத்தவள் நான்.
இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு வியாழன் பொறியாளர் வந்தாள்.
ஹூகென்டோப்லர். சேறு படாத சப்பாத்து.
முதுகுக்குப் பின்னால் சிரிக்கத் தயாரானோம்.
அவளோ வரைபடத்தைத் தரையில் விரித்து, முழந்தாளிட்டு,
மாலை ஆறு மணிக்கு இருபது வீட்டிலும்
ஒன்றாய் அடுப்பைப் போட்டால் என்னாகும்
என்று கேட்டாள். பெசாரிடம். என்னிடமும்.
வாய்க்குள் கூட்டிச் சொன்னேன்.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
ஒரு கோட்டை அழித்து இரண்டாகப் போட்டாள்.
அவ்வளவுதான்.
கீழே நிலவறையில், கைத்தடிமன் கேபிள் ஒன்று
இடம் மாறிவிட்டது.
அன்று முழுக்க அந்தப் பென்சில்மேல் ஆசை எனக்கு.
ஆகையால், கைகள்தான் உயர்ந்தவை என்று
என்னால் பாட்டெழுத முடியாது.

அப்பா ஒல்டன் நிலையத்துச் சமையலறையில்
பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு பதினெட்டு வருசம்.
அது நின்றால் ஃப்ளூக்கிகரைத்தான் கூப்பிடுவார்கள்.
“மணித்தியாலம் நூற்றி முப்பது பிராங், பிள்ளை.
வாசல்ல கால் வைக்கிறதுக்கு வேற.”
வெங்காயம் அரிந்தபடி சொன்னார்.
“மண்டபத்தில கேட்டா என்னெண்டு சொல்லுறது?
கரண்டுக்காரி எண்டோ?” இது அம்மா.
“கரண்ட் போகேக்க எல்லாரும் அவளைத்தானே தேடுவினம்.”
அம்மா சிரிக்கவில்லை.
அவள் வந்த வருசம், ஓர் அலுவலகத்தில்
அவள் பட்டத்தை நகல் எடுத்து, முத்திரை குத்தி,
நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்கள்.
பிறகு இன்றுவரை ஆஸ்பத்திரித் தரை.
அதே காகிதத்தை எனக்கும் கேட்கிறாள்.
அது நம்பிக்கையா, பழியா,
எந்தக் கருவியாலும் எனக்கு அளக்கத் தெரியவில்லை.

இரண்டு வருசம் இடத்தை வைத்திருப்பீர்களா என்று
சூரிச்சுக்கு எழுதினேன்.
மரியாதையாக இல்லை என்றார்கள்.

யூலை முப்பத்தொன்று. நாளைய வாணங்களை
யாரோ இன்றைக்கே கொளுத்துகிறார்கள்.
பொனட்டின் மேல் படிவம்.
கையெழுத்துப் போட்டேன்.
“பென்சில் செல்லாது” என்றார் ஃப்ளூக்கிகர்.
வேனுக்குள் தேடினோம். திருகாணிகள், பாண் துண்டு,
பேனா மட்டும் இல்லை.
என் கால்சட்டைப் பையில், சோதனைக்கருவிக்கு அடியில்
ஒன்று கிடந்தது:
சூரிச் பல்கலைக்கழகம், திறந்த நாளில் சும்மா கொடுத்தது.
எழுதியது.
நீல மை. இந்தக் காலத்தில்
நடுநிலைக் கம்பியின் நிறம்.